பழைய லெப்டொப்புக்குப் புது மூளை வைக்கலாமா?



2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. நமது பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மலை ஏறினார்கள். அந்தக் கஷ்டத்தைக் கண்ட பல பெற்றோர், எப்பாடு பட்டாவது வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். புதிது வாங்க வசதி இல்லை. ஆகவே பாவித்த லெப்டொப் காம்பராவுக்குள் வந்தது. கொழும்பில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்தது ஒன்று, வெளிநாடு போன மகள் அனுப்பியது ஒன்று, டவுனில் தவணைக்கு எடுத்தது ஒன்று. இவற்றில் பல பத்து வருஷம் தாண்டிய மெஷின்கள்.

இப்போது அவை களைத்துப்போய்விட்டன. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் திரை முழுதாகத் திறப்பதில்லை. நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய பாடத்தை இன்று இரவு தட்டெழுதும் பிள்ளை அழாத குறைதான்.

இதனால் நலன்புரி அலுவலகத்துக்கு இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. பெற்றோர் கேட்பது: "ஐயா, புரொசசரை மாத்தினா ஸ்பீட்டாகும்னு கடையில சொல்றாங்க. மாத்தலாமா?" இளைஞர்கள் கேட்பது: "சேர், ஓவர்குளொக் பண்ணினா காசில்லாமலே ஸ்பீட் கூடுமாமே?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான லெப்டொப்பில் புரொசசரை மாற்றவே முடியாது. மாற்ற முடிந்தவற்றிலும் முதல் செலவை அதில் போடக் கூடாது. ஓவர்குளொக் செய்வதால் நமக்கு வரும் லாபம் மிகச் சிறியது, ஆபத்தோ பெரியது. அதே லெப்டொப்பை வேறு வழியில் நன்றாக ஓட வைக்கலாம். ஏன் என்று இனிப் படிப்படியாகப் பார்ப்போம்.

புரொசசர் என்றால் என்ன?

புரொசசர் என்பது லெப்டொப்பின் மூளை. கணக்குப் பார்ப்பது, எழுத்தைத் திரையில் காட்டுவது, படத்தை ஓட்டுவது எல்லாம் அதன் வேலை. அளவில் ஒரு தீப்பெட்டியை விடப் பெரிதல்ல.

நமக்குத் தெரிந்த தேயிலை ஃபெக்டரியை வைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். புரொசசர்தான் ரோலர். கொழுந்தை வாட்டி வைத்திருக்கும் மேல்மாடி, ஹார்ட் டிஸ்க். பிள்ளையின் பாடம், போட்டோ, விண்டோஸ் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. ரோலருக்குப் பக்கத்தில் கொழுந்தைக் கொட்டி வைக்கும் தரை, ரெம். எந்த வேலையானாலும் முதலில் மாடியிலிருந்து தரைக்கு இறங்கி, பிறகுதான் ரோலருக்குள் போக வேண்டும்.

மாடியிலிருந்து கொழுந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் என்ன நடக்கும்? ரோலர் சும்மா சுற்றும். அந்த நேரத்தில் புதிதாகப் பெரிய ரோலர் ஒன்றை வாங்கிப் பூட்டினால் தேயிலை கூடுமா? கூடாது. அதுவும் சும்மாதான் சுற்றும். பழைய லெப்டொப்பில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மூளை காத்துக்கொண்டு நிற்கிறது, சாமான் வந்து சேரவில்லை.

நோய் எது என்று பாருங்கள்

டாக்டர் சோதிக்காமல் மருந்து எழுதினால் நாம் விடுவோமா? லெப்டொப்புக்கும் அப்படித்தான். விண்டோஸ் உள்ள மெஷினில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் என்ற பெட்டி திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால், கீழே உள்ள "மோர் டீட்டெயில்ஸ்" என்பதைத் தட்டுங்கள். அதில் சீ.பீ.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று தலைப்புகளும் ஒவ்வொன்றுக்கும் வீதக் கணக்கும் தெரியும். சீ.பீ.யூ. என்பது புரொசசர். மெமரி என்பது ரெம். டிஸ்க் என்பது ஹார்ட் டிஸ்க்.

மெஷின் இழுத்துக்கொண்டு நிற்கும்போது இந்த மூன்றையும் கவனியுங்கள். டிஸ்க் 100 வீதத்தில் நின்று, சீ.பீ.யூ. 20, 30 வீதத்தில் இருந்தால் குறை ஹார்ட் டிஸ்க்கில். மெமரி 90 வீதத்தைத் தாண்டி நின்றால் ரெம் போதவில்லை. சீ.பீ.யூ. மட்டும் நெடுநேரம் 100 வீதத்தில் நின்றால்தான் புரொசசரைப் பற்றிப் பேச்சு. அப்போதும் அது சூட்டினால் மந்தமானதா என்று பார்க்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சோதனைக்குக் காசு தேவையில்லை. ஐந்து நிமிஷம் போதும். பத்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளையே செய்துவிடும். கடைக்குப் போகும் முன் இதைச் செய்து, மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மாற்ற முடியுமா? கடைசி எழுத்தைப் பாருங்கள்

லெப்டொப்பில் புரொசசர் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, தாய்ப்பலகையில் உள்ள குழிக்குள் செருகிப் பூட்டியது. இதைக் கழற்றலாம். மற்றது, தாய்ப்பலகையோடு ஈயத்தால் ஒட்டியது. இதைச் சாதாரணக் கடையில் கழற்ற முடியாது. கழற்றுவதற்கு விசேஷ இயந்திரம் வேண்டும். செலவு அந்த மெஷினின் விலையையே தாண்டிவிடலாம்.

எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸில் செட்டிங்ஸ், பிறகு சிஸ்டம், பிறகு அபௌட் என்று போனால் புரொசசரின் பெயர் இருக்கும். இன்டெல் கம்பனியின் புரொசசர் என்றால் பெயரின் கடைசி எழுத்து நமக்கு வழி காட்டும்.

2011 முதல் 2014 வரை வந்த இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறைப் புரொசசர்களில், எண்ணுக்குப் பின்னால் யூ என்ற எழுத்து இருந்தால் ஒட்டியது. எம் என்று இருந்தால் அநேகமாகச் செருகியது. நான்கு கோர் உள்ளவற்றில் கியூ.எம். அல்லது எம்.கியூ. என்று இருந்தால் அநேகமாகச் செருகியது, எச்.கியூ. என்று இருந்தால் ஒட்டியது. ஐந்தாம் தலைமுறை முதற்கொண்டு இன்டெல் தனது லெப்டொப் புரொசசர்கள் எல்லாவற்றையும் ஒட்டும் வகையாகவே செய்தது. ஆகவே உங்கள் மெஷின் ஐந்தாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது என்றால், மாற்றும் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். லெனோவோ கம்பனி 2013இல் திங்க்பேட் டி440 என்று ஒரு லெப்டொப்பும், டி440பி என்று இன்னொன்றும் வெளியிட்டது. பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். டி440இல் உள்ளது ஐ5-4300யூ போன்ற ஒட்டிய புரொசசர். டி440பியில் உள்ளது ஐ5-4300எம் போன்ற செருகிய புரொசசர். இரண்டுமே ஐ5, இரண்டுமே நான்காம் தலைமுறை. ஆனால் ஒன்றை மாற்றலாம், மற்றதை மாற்ற முடியாது. "ஐ5 தானே, ஐ7 போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், முழுப் பெயரைப் பார்க்காமல் சொல்கிறார் என்று அர்த்தம்.

இது வெறும் எழுத்து விஷயமல்ல. மேல்பிரிவில் ஓர் அம்மா, கல்வியியற் கல்லூரியில் படிக்கும் மகளுக்காக ஒரு பழைய லெப்டொப் வைத்திருக்கிறார். ஐ7 புரொசசர் போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட காசு அவரிடம் இல்லை. தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டவர், போகிற வழியில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்தார். மெஷினைத் திறந்து பெயரைப் பார்த்தோம். எண்ணுக்குப் பின்னால் யூ. அதாவது ஒட்டியது. காசைக் கொடுத்திருந்தால் அந்தக் கடை எதைப் போட்டிருக்கும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதத்தில் நின்றது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டு, விசிறியைத் துப்புரவாக்கினோம். கடை கேட்டதில் ஒரு பங்குதான் செலவு. மகள் அந்த மெஷினிலேயே தன் பாடங்களைச் செய்கிறாள். தோடு காதிலேயே இருக்கிறது.

மாற்றக்கூடிய மெஷின் என்றால்?

செருகிய வகை உள்ளவர்களும் அவசரப்பட வேண்டாம். டி440பியையே எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள ஐ5-4300எம் புரொசசருக்கு இரண்டு கோர். கோர் என்றால் வேலை செய்யும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றி ஐ7-4702எம்.கியூ. என்ற நான்கு கோர் புரொசசரைப் போடலாம். இரண்டும் 37 வோட் சூட்டு அளவுக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே அந்த மெஷினின் விசிறி தாங்கும்.

ஆனால் கவனியுங்கள். பழையதன் அடிப்படை வேகம் 2.6 கிகாஹேர்ட்ஸ். புதியது 2.2 கிகாஹேர்ட்ஸ். கைகள் கூடின, ஒவ்வொரு கையின் வேகம் கொஞ்சம் குறைந்தது. வீடியோ வெட்டி ஒட்டுவது போல நான்கு கைக்கும் வேலை உள்ள இடத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். கடிதம் எழுதுவது, பாடம் வாசிப்பது போன்ற ஒரு கை வேலைகளில் வித்தியாசமே தெரியாது. நம் பிள்ளைகள் செய்யும் வேலையில் பெரும்பங்கு இரண்டாவது வகைதான்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் இந்த நான்கு விஷயங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தலைமுறை. ஒரு தலைமுறைக்குரிய குழியில் இன்னொரு தலைமுறை பெரும்பாலும் வேலை செய்யாது. திங்க்பேட் டி420 இரண்டாம் தலைமுறை மெஷின். மூன்றாம் தலைமுறைப் புரொசசர் அதன் குழிக்குள் உட்காரும். ஆனால் கம்பனி கொடுத்த பையோஸ் அதை ஏற்றுக்கொள்ளாது. பையோஸ் என்பது, சுவிட்சைப் போட்டதும் மெஷினை எழுப்பிவிடும் ஆரம்ப மென்பொருள்.

இரண்டாவது, வோட். 35 வோட் புரொசசருக்காகச் செய்த விசிறியிடம் 45 வோட் சூட்டைக் கொடுத்தால் மெஷின் கொதிக்கும். பெட்டரி சீக்கிரம் இறங்கும். பழைய சார்ஜரும் போதாமல் போகலாம்.

மூன்றாவது, வாங்கும் சாமான். இந்தப் புரொசசர்களைக் கம்பனி செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கிடைப்பது எல்லாம் வேறு மெஷினில் கழற்றியது. அடியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட மெல்லிய கம்பிமுனைகள் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் மெஷின் எழும்பாமல் போகலாம்.

நான்காவது, கை. பெட்டரியைக் கழற்ற வேண்டும். விசிறியோடு சேர்ந்த செப்புக் குழாயை எடுக்க வேண்டும். பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதுப் பசை வைக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னதாக பையோஸை லெனோவோ வெளியிட்ட கடைசிப் பதிப்புக்கு ஏற்ற வேண்டும். இதை ஏற்கெனவே செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். "போட்டுப் பாப்போம்" என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஓவர்குளொக் என்பது என்ன?

தம்பிமாரே, இது உங்களுக்காக எழுதுகிறேன். புரொசசருக்குள் கடிகாரம் போல ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அது ஒரு படி வேலை செய்கிறது. 2.6 கிகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனுக்கு 260 கோடி அடி. கம்பனி குறித்த அளவைத் தாண்டி அந்தக் கடிகாரத்தை ஓட்டுவதுதான் ஓவர்குளொக்.

இந்த வேகம் இரண்டு எண்களைப் பெருக்கி வருகிறது. ஐ5-4300எம்மில் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹேர்ட்ஸ். பெருக்கும் எண் 26. பெருக்கினால் 2,600 மெகாஹேர்ட்ஸ், அதாவது 2.6 கிகாஹேர்ட்ஸ். பெருக்கும் எண்ணைக் கூட்டலாமா? பெரும்பாலான லெப்டொப் புரொசசர்களில் இன்டெல் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஐ7-4930எம்.எக்ஸ். போன்ற மிக விலை உயர்ந்த ஒருசில புரொசசர்களில் மட்டும்தான் அந்தப் பூட்டு இல்லை. அது 57 வோட் சூடு. நமது மெஷின்களில் அது இருக்காது.

அடுத்தது, அடிப்படைக் கடிகாரத்தைக் கூட்டலாமா? 2011க்கு முந்திய சில லெப்டொப்பில் ஒரு மென்பொருளால் அதைக் கூட்டினார்கள். இரண்டாம் தலைமுறை முதல் அதே கடிகாரத்தோடு ஹார்ட் டிஸ்க் இணைப்பு போன்ற மற்றப் பாகங்களும் கட்டப்பட்டுவிட்டன. ஒரு சில வீதத்துக்கு மேல் கூட்டினால் எல்லாம் சேர்ந்து தடுமாறும். எழுதி வைத்த பாடமே கெட்டுப்போகலாம்.

சரி, 5 வீதம் கூட்டினோம் என்றே வைத்துக்கொள்வோம். 20 செக்கன் எடுத்த வேலை 19 செக்கனில் முடியும். அந்த ஒரு செக்கன் யாருக்காவது தெரியுமா?

சூட்டின் கணக்கைப் பாருங்கள். புரொசசரின் சூடு அதன் வேகத்தோடு கூடும். வோல்ட்டைக் கூட்டினால் இரட்டிப்பாகத் தாக்கும், ஏனென்றால் வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்க வேண்டும். வேகத்தில் 10 வீதம், வோல்ட்டில் 10 வீதம் கூட்டினால் சூடு ஏறத்தாழ 33 வீதம் கூடும். வேகத்தில் பத்தை வாங்கி, சூட்டில் முப்பத்துமூன்றைக் கொடுக்கும் வியாபாரம் இது. ரோலரைக் கண்டபடி வேகமாகச் சுற்றினால் கொழுந்து சூடேறித் தேயிலை கெட்டுப்போகும் என்று டீமேக்கர் கத்துவாரே, அதே கதைதான்.

மேசைக் கொம்பியூட்டரில் ஓவர்குளொக் செய்கிறவர்கள் பெரிய விசிறி, தண்ணீர்க் குழாய் எல்லாம் வைத்துச் செய்கிறார்கள். லெப்டொப்பில் அதற்கு இடம் ஏது? விரல் தடிப்புள்ள பெட்டிக்குள், பெட்டரிக்குப் பக்கத்திலேயே இந்தச் சூடு அடைபட வேண்டும்.

காசில்லாத வேகம் விசிறியில் இருக்கிறது

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. லெப்டொப் தன்னாலேயே ஓவர்குளொக் செய்துகொள்கிறது. அதற்கு டர்போ என்று பெயர். ஐ5-4300எம்மின் அடிப்படை வேகம் 2.6. ஆனால் சூடு குறைவாக இருந்து, ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது அது தானாக 3.3 வரை போகும். இது 27 வீத வேகம். கம்பனியே அனுமதித்தது, ஆபத்து இல்லாதது.

இதன் மறுபக்கமும் உண்டு. புரொசசரின் சூடு 100 பாகை செல்சியசை நெருங்கினால், கருகாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டர்போ போய்விடும். சில வேளை அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கும். அப்போது சீ.பீ.யூ. 100 வீதம் என்று காட்டும். நாமும் "புரொசசர் போச்சு" என்று நினைத்துவிடுவோம். உண்மையில் போனது புரொசசர் அல்ல, அதற்குப் போக வேண்டிய காற்று.

நம்முடைய காம்பராக்களில் இது கூடுதலாக நடக்கும். விறகு அடுப்புப் புகை விசிறியில் பிசின் போலப் படியும். அதன் மேல் தூசும் கம்பளி மயிரும் ஒட்டும். சில வருஷத்தில் காற்று போகும் வழி முழுதாக அடைத்துவிடும். அத்தோடு குளிர் என்று லெப்டொப்பைப் படுக்கையில், கம்பளிக்கு மேல் வைத்துப் பாவிக்கிறோம். காற்று இழுக்கும் ஓட்டை அடியில் இருக்கிறது. கம்பளி அதை மூடிவிடுகிறது.

ஆகவே முதல் வைத்தியம் இது. மெஷினைத் திறந்து விசிறியைத் துப்புரவாக்குங்கள். பத்து வருஷப் பழைய மெஷின் என்றால் வெப்பப் பசை காய்ந்திருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். லெப்டொப்பை மேசையிலோ ஒரு பலகையிலோ வைத்துப் பாவியுங்கள். அடுப்படியில் வைக்காதீர்கள். அடைபட்ட மெஷினில், இழந்த வேகத்தில் பெரும்பங்கு இதிலேயே திரும்பி வந்துவிடும்.

காசை எங்கே போடுவது?

இரண்டாவது வைத்தியம் எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் ஓடித் தேடுகிறது. ஒவ்வொரு சின்னச் சாமானுக்கும் அந்தக் கை ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி.க்குள் சுற்றுவது எதுவும் இல்லை, தேடி ஓடும் கையும் இல்லை. ஒரு செக்கனுக்கு ஹார்ட் டிஸ்க் ஏறத்தாழ 100 மெகாபைட் கொடுத்தால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட் அளவில் கொடுக்கும். சின்னச் சின்னச் சாமான்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. விண்டோஸ் திறக்கும்போது நடப்பது இந்தத் தேடல்தான். சில நிமிஷம் இழுத்த மெஷின் அரை நிமிஷ அளவில் திறப்பதை நீங்களே பார்க்கலாம்.

கடையில் கேட்கும்போது "இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி." என்று கேளுங்கள். பிள்ளையின் எழுத்து வேலை, பாடங்களுக்கு 240 அல்லது 256 கிகாபைட் போதும். மாற்றும் முன் பழைய டிஸ்க்கில் உள்ள பாடங்களையும் போட்டோக்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரெம். 4 கிகாபைட் உள்ள மெஷினில் இடம் போதாமல், தரையில் கொட்டிய கொழுந்தை மறுபடி மாடிக்கு ஏற்றி இறக்குவது போன்ற வீண் வேலை நடக்கும். 8 கிகாபைட் ஆக்கினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். ரெம்மிலும் ரகம் உண்டு. நான்காம் தலைமுறை லெப்டொப்புக்கு வேண்டியது டி.டி.ஆர்.3எல் என்ற குறைந்த வோல்ட் ரகம். டி.டி.ஆர்.4 அதில் பொருந்தாது. பழைய ரெம்மைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது உத்தமம்.

இந்த மூன்றும் செய்த பிறகும் சீ.பீ.யூ. தனியாக 100 வீதத்தில் நின்று, மெஷினும் செருகிய வகையாக இருந்தால், அப்போது புரொசசரைப் பற்றி யோசிக்கலாம்.

விண்டோஸ் விஷயம்

"ஐ7 போட்டா விண்டோஸ் 11 போடலாம்" என்றும் சிலர் ஆசை காட்டுகிறார்கள். அது சரியல்ல. மைக்ரோசொஃப்ட் கம்பனி விண்டோஸ் 10க்கான சாதாரண ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுத்தியது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும் என்று கம்பனி சொல்கிறது. செருகும் வகையோ நான்காம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ஆகவே எந்த ஐ7ஐப் போட்டாலும் அந்த மெஷின் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது.

இதற்கு வேறு வழி உண்டு. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை இலவசமாகப் போடலாம். பழைய மெஷினில் நன்றாக ஓடும். பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும். கடிதம், கணக்கு எழுதும் மென்பொருள் அதோடு சேர்ந்தே வருகிறது. தமிழிலும் எழுதலாம். பழகச் சில நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடைக்காரர் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. நல்ல டெக்னீசியன்மார் பலர் இருக்கிறார்கள். ஆனால் நாம் தெரிந்து பேசினால்தான் அவர்களுக்கும் நமக்கும் நல்லது.

மாற்றப்போகும் பாகத்தின் முழுப் பெயரையும் விலையையும் தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், அது உங்கள் சொத்து. எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுக்கத்தான் வேண்டும். முறைப்பாடு இருந்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கலாம். பற்றுச்சீட்டு கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம் கூடும்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். கேத்தல், ஹீட்டர் போட்ட அதே மல்டி பிளக்கில் லெப்டொப்பைச் செருகாதீர்கள். மெஷினின் அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, விரலால் தடவும் பலகை மேலே எழும்பியிருந்தாலோ பெட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள். குத்தவோ அமுக்கவோ வேண்டாம். அந்தப் பெட்டரி தீப்பற்றக்கூடியது. ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்துக்கும் போகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முடிவாக

வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டாஸ்க் மனேஜரில் சோதனை. பிறகு விசிறியும் வெப்பப் பசையும். பிறகு எஸ்.எஸ்.டி. பிறகு ரெம். புரொசசர் கடைசி. ஓவர்குளொக் வேண்டவே வேண்டாம்.

கடையில் ஒரு விலை சொன்னால், அது எத்தனை நாள் பேருக்குச் சமம் என்று மனதில் கணக்குப் போடுங்கள். மழையில் நனைந்து, அட்டை கடித்து, கிலோ கணக்கில் கொழுந்து நிறுத்துச் சம்பாதித்த காசு அது. தீபாவளி முற்பணமாக வாங்கினால் அடுத்து வரும் மாதங்களில் சம்பளத்தில் வெட்டுவார்கள். அந்தக் காசு பிள்ளையின் படிப்புக்குப் போவதில் தவறே இல்லை. போக வேண்டிய பாகத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் மெஷினையும், டாஸ்க் மனேஜரில் கண்ட மூன்று எண்களையும் கொண்டு உங்கள் பிரிவின் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். கம்பியூட்டர் தெரிந்த பிள்ளைகள் நமது தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டு, சேர்ந்து பார்ப்போம். காசு கொடுத்த பிறகு வருவதை விட, கொடுக்கும் முன் வருவது நல்லது.